மூலையில் நிற்பவர்

வேலம்பாளையம்
16.9.2025

முனவருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். சரி, எடுக்காதே. உன் தம்பியின் தேங்காய் வண்டி ஓட்டுகிற சகாயராஜ் வாரத்தில் இரண்டு தடவை திருப்பூர் மார்க்கெட்டுக்கு வருகிறார். "அக்காகிட்ட எதாச்சும் குடுக்கோணும்னா குடுங்கண்ணா, பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்த்தறேன்" என்றார். கல்யாணத்துக்கு முன்னால்கூட உனக்கு ஒரு வரி எழுதாதவன், இப்போது உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். காலக்கொடுமை.

வெள்ளைத் தாளை எங்கே வைத்திருக்கிறாயோ தெரியவில்லை. அலமாரியைக் கலைத்துப் பார்த்துவிட்டேன். கட்டிங் டேபிளில் துணிமேல் விரிக்கிற பேப்பரைக் கிழித்து எழுதுகிறேன். பின்பக்கம் வளைவாகக் கோடு தெரிந்தால் அது டி-சர்ட்டின் கை. கண்டுகொள்ளாதே.

விஷயம் இதுதான். அமெரிக்காக்காரனுக்குச் சரக்கு வாங்கித் தருகிற பையிங் ஆபீஸ் கவின் மெயில் அனுப்பியிருக்கிறான். அமெரிக்காக்காரன் வரியை ஏற்றியதிலிருந்து ஆர்டர் நின்றுபோனது உனக்குத் தெரியும். அடுத்த ஆர்டர் எப்போது என்று கேட்டதற்கு, இன்னொரு சாம்பிள் தைத்து அனுப்பச் சொல்கிறான். காலர் கொஞ்சம் அகலமாக வேண்டுமாம். கடைசியில் ஒரு வரி: 'வி ஆர் நாட் த்ரோயிங் இன் த டவல் எட்'. போனில் போட்டுப் பார்த்தேன். 'நாங்கள் இன்னும் துண்டை உள்ளே எறியவில்லை' என்று வந்தது. எந்தத் துண்டு? நாம் அவனுக்குப் பனியன் தவிர எதையும் தைத்துக் கொடுத்ததில்லையே. பல்லடம் பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கத்தான் நம் ஊரில் துண்டை உள்ளே எறிவார்கள். கவின் எந்த பஸ்ஸைப் பிடிக்கிறான் என்று புரியவில்லை.

நீ இருந்தவரை மெயிலை எல்லாம் நீதான் பார்த்தாய். நான் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. இதற்கு மட்டும் அர்த்தம் எழுதி அனுப்பு.

கம்பெனி நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் வருகிறார்கள். நானும் நன்றாக இருக்கிறேன். நீ கவலைப்பட வேண்டியது எதுவும் இல்லை.

கைருதீன்


உடுமலைப்பேட்டை
20.9.2025

இக்ராவின் அத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம்.

போனை ஏன் எடுப்பதில்லை என்று உங்களுக்கே தெரியும். முதல் நிமிடம் சாப்பிட்டாயா என்பீர்கள். இரண்டாவது நிமிடம் கத்துவீர்கள். மூன்றாவது நிமிடம் நானும் கத்துவேன். தாளில் கத்துவதற்குக் கொஞ்சம் கை வலிக்கும் அல்லவா, அதனால் இதுவே நல்லது.

நீங்கள் கேட்டதற்கு அர்த்தம்: தோல்வியை ஒப்புக்கொள்வது. நம்பிக்கை போய், இனி முடியாது என்று பாதியில் விட்டுவிடுவது. குத்துச்சண்டையிலிருந்து வந்த பேச்சு. அடி தாங்காதபோது மேடைக்குள் துண்டை எறிந்தால் 'நாங்கள் தோற்றோம், நிறுத்துங்கள்' என்று பொருள். ஆகவே கவின் சொல்வது, 'நாங்கள் இன்னும் நம்பிக்கையை விட்டுவிடவில்லை' என்று. இதை எழுத யாருக்கும் எதுவும் செலவாவதில்லை. ஆபீஸில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே எழுதலாம். சாம்பிள் தைப்பது அவர் இல்லையே.

ஆகஸ்ட் மாதம் அயர்ன் டேபிள் பக்கத்தில் நீங்கள் மயங்கி விழுந்தீர்கள். இருதயம் பலவீனமாக இருக்கிறது, ஓய்வு வேண்டும் என்று டாக்டர் என்னிடமும் உங்களிடமும் சேர்த்தே சொன்னார். மறுநாள் காலையில் நீங்கள் கம்பெனிக்குப் போய்விட்டீர்கள். பின்னாலேயே வந்து "போதுமுங்க, மூடிடலாம்" என்றேன். செக்கிங் டேபிளில் இருந்த அத்தனை பேர் முன்னால் நீங்கள் சொன்னது இது: "நம்பிக்கை இல்லாதவ இந்த ஷட்டருக்குள்ள கால் வைக்கக் கூடாது."

வைக்க மாட்டேன். அந்த ஷட்டர் இருக்கிறவரை வைக்கவே மாட்டேன். நீங்கள் சொன்னதை நான் அப்படியே கேட்கிறேன், அதிலாவது உங்களுக்குத் திருப்தி இருக்கட்டும்.

காலை மாத்திரை வெள்ளை, ராத்திரி மாத்திரை ரோஸ். மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

முனவர் பேகம்


வேலம்பாளையம்
3.10.2025

முனவருக்கு,

ஸலாம். உன் கடிதம் கண்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? திட்டினதற்கு இல்லை. அர்த்தம் சொன்னாயே, அதற்கு. அமெரிக்காவில் இருக்கிறவனே நம்பிக்கையை விடவில்லை என்றால் நான் எதற்கு விடவேண்டும்? சுண்ணாம்புக் கட்டியால் கட்டிங் டேபிளுக்கு மேலே சுவரில் அந்த வரியை எழுதி வைத்திருக்கிறேன். 'நாட் த்ரோயிங்' வரைக்கும் பெரிதாக எழுதிவிட்டேன், டவலுக்கு இடம் பற்றவில்லை. மூலையில் சின்னதாகப் போட்டேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் இதையேதான் சொன்னார். படைத்தவனின் கருணையில் நம்பிக்கை இழப்பது முஸ்லிமுக்கு ஆகாது என்று. என்னைப் பார்த்தே சொன்ன மாதிரி இருந்தது. நீ வீட்டில் இருந்திருந்தால் உன்னிடம் வந்து சொல்லியிருப்பேன். நீ ஒரு பதில் சொல்லியிருப்பாய், எனக்கு அப்புறம் பேச்சு வந்திருக்காது.

காலர் மாற்றி அனுப்பியாயிற்று. இப்போது கை நீளம் குறைக்கச் சொல்கிறான். கிட்ட வந்துவிட்டோம் என்றுதான் தோன்றுகிறது. ஆர்டர் கொடுக்கிற எண்ணம் இல்லாதவன் இவ்வளவு நுணுக்கமாகக் கை நீளம் பார்ப்பானா?

சீனியம்மாள் உன்னைக் கேட்டாள். "அக்கா எப்ப வருவாக மொதலாளி" என்று தினமும் ஒரே நச்சரிப்பு. மற்றபடி இங்கே எல்லாம் வழக்கம்போல. ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிவிட்டது, அதனால் கையெழுத்து இப்படி இருக்கிறது. தையல்காரனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? ஆறிவிடும்.

இக்ரா பெங்களூரிலிருந்து போன் செய்தாள். அம்மா எங்கே என்றாள். குளிக்கிறாள் என்று சொன்னேன். நீயும் ஒத்துப் பேசு.

கைருதீன்


உடுமலைப்பேட்டை
8.10.2025

இக்ராவின் அத்தாவுக்கு,

உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இந்த வயதுக்கு மேல் பழகவும் வேண்டாம்.

சீனியம்மாள் பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்து வெகு நாளாகிறது. எனக்கு போன் செய்து அழுதாள். "அக்கா, மொதலாளிய ஒத்தையில விட்டுட்டு வந்துட்டேன்க்கா. எனக்குச் சோறு வேணுமே, என்ன செய்ய?" என்றாள். தப்பில்லை, போய் நிம்மதியாக வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன். அங்கே இல்லாதவள் தினமும் என்னைப் பற்றி எப்படி உங்களை நச்சரிப்பாள்?

அப்புறம் அந்த விரல். கம்பெனி முதலாளிக்கு எதற்கு ஊசி ஏறுகிறது? எல்லோரும் வருகிறார்கள் என்றால் மெஷினில் நீங்கள் எதற்கு உட்காருகிறீர்கள்? பதினைந்து வருஷமாக நீங்கள் மெஷினில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கண்ணாடி போட்டாலும் ஊசியில் நூல் கோக்கத் தெரியாத கண் உங்களுக்கு.

இக்ராவிடம் நான் ஒத்துப் பேச மாட்டேன். அவள் கேட்டால் உடுமலையில் இருக்கிறேன் என்பேன். இத்தனை நாளாகவா குளிப்பார்கள்?

நான் இங்கே எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் இரண்டு கடிதத்திலும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன். தம்பியும் அவன் வீட்டுக்காரியும் என்னைத் தாங்குகிறார்கள். டீ கொண்டுவந்து கையில் கொடுக்கிறார்கள். ஒரு பாத்திரம் கழுவ விடுவதில்லை. விருந்தாளியாக எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? மாடிக்குப் போனால் தென்னந்தோப்புக்கு அப்பால் காற்றாலைகள் சுற்றுவது தெரிகிறது. சத்தமே கேட்பதில்லை. நம் வீட்டில் விடிந்தால் நாலு பக்கமும் மெஷின் சத்தம் கேட்கும், தலைவலி என்று திட்டுவேன். இங்கே யாரும் என்னை ஒரு வார்த்தை அதிர்ந்து பேசுவதில்லை. ஆனாலும் ராத்திரி படுத்தால் எதற்கென்று தெரியாமல் அழுகை வருகிறது.

இப்போது கேட்கிறேன். அந்தக் கம்பெனியில் யார் யார் இருக்கிறார்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

முனவர் பேகம்


வேலம்பாளையம்
29.10.2025

முனவரு,

நான்தான் இருக்கிறேன். வேறு யாரும் இல்லை.

ஒவ்வொருவராகப் போனார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போன பீகார்ப் பையன்கள் ஸ்டேஷனிலிருந்து போன் செய்து, "சேட், ஆர்டர் வந்தா கூப்புடுங்க" என்றார்கள். வண்டியில் ஏறிக்கொண்டே சொன்னார்கள். அதோடு சரி.

மற்றவனிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, உனக்கு எழுதுகிறேன். காலையில் போய் ஷட்டரைத் தூக்குகிறேன். பிஸ்மில்லா சொல்லி மெயினைப் போடுகிறேன். மெஷினை ஓட்டாமல் நிறுத்தினால் எண்ணெய் காய்ந்து இறுகிப்போகும், உனக்குத் தெரியும். அதனால் ஒரு வேஸ்ட் துணியை எடுத்துக்கொண்டு முதல் மெஷினில் உட்கார்ந்து ஒரு சாண் தைக்கிறேன். எழுந்து அடுத்ததில் உட்கார்ந்து ஒரு சாண். இப்படியே ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று கடைசி வரிசை வரைக்கும் போகிறேன். ஒரு மெஷின் சத்தம் நின்று அடுத்த மெஷின் சத்தம் வருவதற்குள் ஒரு அமைதி வரும் பார், அதைத்தான் தாங்க முடிவதில்லை. ஒரு நாள் அப்படித்தான் ஓட்டிக்கொண்டே போனவன், சீனியம்மாள் மெஷினில் உட்கார்ந்ததும் "ஏம்மா, நூல் அறுகுது பாரு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு யாராவது கேட்டார்களா என்று வாசலைப் பார்த்தேன். கேட்க யார் இருக்கிறார்கள்?

அதற்கப்புறம் சாம்பிளுக்கு உட்காருவேன். கை நீளம் சரி என்றான், இப்போது கழுத்துப் பட்டியைப் பிரித்துத் தைக்கச் சொல்கிறான். அதை அனுப்பினால் இன்னொன்று சொல்வான். ஒவ்வொரு மெயிலுக்கும் கீழே அந்தத் துண்டு வரியையும் போடுகிறான்.

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. கட்டிங் டேபிளிலேயே படுத்துக்கொள்கிறேன். புரோட்டா வாங்கிச் சாப்பிடுகிறேன். மாத்திரை போடுகிறேன், சத்தியமாக. மூச்சு மட்டும் சில நேரம் கொஞ்சம் வாங்குகிறது.

மூடு என்பாய். எனக்கும் காதில் விழுகிறது. ஆனால் நம்பிக்கையையும் விட்டுவிட்டால் எனக்கு மிச்சம் என்ன இருக்கிறது சொல்? நீயும் இல்லை.

கைருதீன்


உடுமலைப்பேட்டை
4.11.2025

ஏனுங்க,

கடிதத்தை இரண்டு தடவைக்கு மேல் படிக்க முடியவில்லை. சீனியம்மாளின் காலி மெஷினைப் பார்த்து நீங்கள் பேசிய இடத்தில் ஒவ்வொரு முறையும் நிறுத்திவிட்டேன்.

முதல் கடிதத்தில் உங்களுக்கு அர்த்தம் பாதிதான் சொன்னேன். அவசரத்தில் எழுதினேன், கோபமும் இருந்தது. தம்பி வீட்டு டிவியில் நேற்று குத்துச்சண்டை ஓடியது. எனக்கு அதெல்லாம் பிடிக்காது, உங்களுக்குத் தெரியும். உங்கள் துண்டுக்காக உட்கார்ந்து பார்த்தேன். கேளுங்கள்.

துண்டை எறிகிறவர் சண்டை போடுகிறவர் இல்லை. சண்டை போடுகிறவரால் எறியவே முடியாது, அவர் கையில் துண்டு கிடையாது. மேடைக்கு வெளியே, மூலையில் அவருடைய ஆள் ஒருவர் நிற்கிறார். தண்ணீர் கொடுக்கிறவர், ரத்தம் துடைக்கிறவர். துண்டு அவர் தோளில்தான் இருக்கிறது. உள்ளே இருப்பவருக்குக் கண் வீங்கி மூடிப்போனாலும் 'முடியும், இன்னும் ஒரு ரவுண்டு' என்றுதான் சொல்வார். அவர் அப்படித்தான் சொல்வார் என்று மூலையில் இருப்பவருக்குத் தெரியும். அதனால்தான் அந்த முடிவை அடி வாங்குகிறவரிடம் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறவரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

நான் நம்பிக்கை இல்லாதவள் என்று சொன்னீர்கள். அந்தக் கம்பெனியை ஆரம்பித்தபோது உங்களோடு சேர்ந்து விடிய விடியப் பீஸ் மடித்தவள் நான். எனக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லைங்க. உங்களை அடிக்கிறதைப் பார்க்கச் சக்தி இல்லை.

ஹஜ்ரத் சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கருணை படைத்தவனிடம் இருக்கிறது, அதில் நானும் நம்பிக்கை இழக்கவில்லை. கவினுடைய மெயிலில் அது இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சாம்பிள் தைப்பதை நிறுத்துங்கள். இது ஒன்றுதான் கேட்கிறேன். மற்றதை அப்புறம் பார்க்கலாம். மூச்சு வாங்குகிறது என்பதை இவ்வளவு சாதாரணமாக எழுதுகிறீர்களே, உங்களை என்ன சொல்வது?

முனவர்


வேலம்பாளையம்
17.11.2025

முனவருக்கு,

மூலையில் நிற்கிறவர் மேடைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். உடுமலையில் நின்றுகொண்டு எனக்குச் சட்டம் சொல்லாதே.

சாம்பிள் அனுப்பிவிட்டேன். இதுதான் கடைசி, இது போனால் ஆர்டர் உறுதி என்று கவின் போனிலேயே சொன்னான். அவன் குரலில் தெரிந்தது. நீ கேட்டிருந்தால் நீயும் நம்பியிருப்பாய். நிறம் மட்டும் மாற்றி இன்னொன்று கேட்டிருக்கிறான். நாளைக்கு உட்கார வேண்டும்.

சகாயராஜ் வந்து ஏதாவது சொன்னால் நம்பாதே. அவர் எதையும் பெரிதுபண்ணிச் சொல்கிற ஆள். வெயிலில் கொஞ்சம் தலை சுற்றியது, வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

கைருதீன்


உடுமலைப்பேட்டை
19.11.2025

ஏனுங்க,

சகாயராஜ் சொன்னார். பெரிதுபண்ணியெல்லாம் சொல்லவில்லை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நீங்கள் உட்கார்ந்திருக்கவில்லை. பாதி தூக்கிய ஷட்டருக்கு அடியில், உடம்பு பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கிடந்திருக்கிறீர்கள். கையில் அந்தச் சாம்பிள் துணி இருந்ததாம். முகத்தில் தண்ணீர் அடித்து அவர் எழுப்பியதும் நீங்கள் கேட்ட முதல் வார்த்தை, "கொரியர் போயிருச்சா?"

கம்பெனி மெயிலின் பாஸ்வேர்டை நீங்கள் மாற்றவில்லை. மாற்ற உங்களுக்குத் தெரியாது. இன்று காலையில் உங்கள் பெயரில் கவினுக்கு எழுதிவிட்டேன். 'இனி எங்கள் கம்பெனி சாம்பிள் தைத்து அனுப்பாது. ஆர்டரையும் எதிர்பார்க்கவில்லை. இதுவரை அனுப்பியவற்றைத் திருப்பித் தர வேண்டாம்.' கீழே, 'வி ஆர் த்ரோயிங் இன் த டவல்' என்றும் எழுதினேன். அவருக்குப் பழக்கமான பேச்சிலேயே இருக்கட்டும் என்று.

உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

கோபம் வரும். அந்த டிவியில் பார்த்தவனுக்கும் வந்தது. தன்னுடைய ஆளைப் பார்த்தே கத்தினான். எறிந்தவர் ஒன்றும் பேசாமல் நின்றார். நானும் அப்படியே நிற்கிறேன். வாழ்நாள் முழுக்க இதற்காக என்னோடு பேசாமல் இருந்தாலும் இருங்கள். இருந்தால் போதும்.

முனவர்


உடுமலைப்பேட்டை
6.12.2025

ஏனுங்க,

ஒவ்வொரு தடவையும் வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்குப் போகிறேன். சகாயராஜ் இறங்கும்போதே கையை விரித்துக் காட்டிவிடுகிறார். நேற்று, நான் உள்ளேயே இருந்துகொண்டேன். அவராக வந்து, "அண்ணன் ஊட்டுல லைட்டு எரியுதுங்கக்கா" என்றார். வீட்டிலா கம்பெனியிலா என்று கேட்டேன். வீட்டில்தான் என்றார்.

அது போதும் எனக்கு. பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

முனவர்


வேலம்பாளையம்
17.12.2025

அன்புள்ள முனவருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்கு உன்மேல் வந்த கோபத்தை எழுதியிருந்தால் இந்தப் பேப்பர் எரிந்து போயிருக்கும். அதனால்தான் எழுதவில்லை. நிறம் மாற்றிய சாம்பிளைத் தைத்துக்கொண்டிருந்தபோது உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு, கவினுக்கு போன் போட்டு 'அது என் சம்சாரம் தெரியாமல் அனுப்பியது, கண்டுகொள்ளாதே' என்று சொல்லலாம் என்று போனை எடுத்தேன். எடுத்தால், உன் மெயிலுக்கு அவன் பதில் வந்திருக்கிறது. இங்கிலீஷில் மூன்றே வார்த்தை. 'நோட்டட் வித் தேங்க்ஸ்.' குறித்துக்கொண்டோம், நன்றி. இதற்கு நீ அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, எனக்கே புரிந்தது.

ஏன் என்று கேட்கவில்லை முனவரு. இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. காலர், கை, கழுத்து, நிறம் என்று என்னைப் பிழிந்தவன், போகிறேன் என்றதும் சரி போ என்றுவிட்டான். பாவம், அவனும் எங்கோ மேலே இருக்கிறவன் சொல்வதை எழுதுகிற பையன்தான். அவனைத் திட்டக்கூட எனக்குத் தெம்பு வரவில்லை. தைத்துக்கொண்டிருந்ததைப் பாதியில் மெஷினிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும்போதுதான் எழுந்தேன். அப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனை மாதமாயிற்றோ!

மெஷின்கள் போய்விட்டன. சீனியம்மாள் வேலை செய்கிற பெருமாநல்லூர் கம்பெனிக்காரரே எடுத்துக்கொண்டார். வண்டியில் ஏற்றும்போது நான் பார்க்கவில்லை, டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன். திரும்பி வந்து பார்த்தால் தரையில் மெஷின் கால்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது. அப்போதுதான் அழுதேன். நல்லவேளை, யாரும் இல்லை.

இப்போது நானும் அதே பெருமாநல்லூரில் செக்கிங்கில் இருக்கிறேன். உட்கார்ந்து பார்க்கிற வேலை. டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் சேர்ந்தேன், சந்தேகமாக இருந்தால் போன் செய்து கேட்டுக்கொள். சீனியம்மாள் அத்தனை பேர் நடுவிலே "வாங்க மொதலாளி" என்று எழுந்து நின்றுவிட்டாள். "ஏம்மா, மானத்த வாங்காத, உக்காரு" என்றேன். "எனக்கு நீக மொதலாளிதான்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் தைக்கிறாள். எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுற்றி மெஷின் சத்தம் இருக்கிறது, மத்தியானம் கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போதுதான் கஷ்டம்.

ஒரு சாயங்காலம் போனில் அந்தக் குத்துச்சண்டையைத் தேடிப் பார்த்தேன். துண்டு எறிகிறதை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நீ சொன்னது எல்லாம் சரி. ஆனால் நீ ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டாய்.

துண்டை எறிந்தவர் மூலையிலேயே நின்றுவிடுவதில்லை. மேடையைச் சுற்றிக் கட்டிய கயிற்றை விலக்கிக்கொண்டு உள்ளே போகிறார். கத்துகிறவனை அப்படியே பிடித்துக்கொள்கிறார். அவர் பிடித்திருக்கிறதால்தான் அவன் விழாமல் நிற்கிறான். முகத்தைத் துடைத்து, தோளில் கையைப் போட்டு, அவர்தான் அவனை வெளியே கூட்டிக்கொண்டு போகிறார். நான் பார்த்த எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தது. யாரும் எறிந்துவிட்டு ஊருக்குப் போகவில்லை.

நம்பிக்கை இல்லாதவள் என்று எல்லோர் முன்னாலும் உன்னைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அந்த ஷட்டர் இருக்கிறவரை கால் வைக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். கட்டடத்துக்காரர் சாவியை வாங்கிக்கொண்டு, அங்கே குடோன் கட்டுவதற்காக ஷட்டரையே கழற்றிவிட்டார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வெறும் ஓட்டையாக இருக்கிறது. இனி நீ வராமல் இருக்கிறதற்கு அந்தக் காரணம் இல்லை. வேறு ஏதாவது இருந்தால் எழுது, அதையும் சரி செய்கிறேன்.

கட்டிங் டேபிள் பேப்பர் இதோடு தீர்ந்தது.

உன்
கைருதீன்


உடுமலைப்பேட்டை
20.12.2025

ஏனுங்க,

சகாயராஜ் வண்டியில் நாளைக்கு லோடு கம்மியாம். முன்னால் இடம் இருக்கிறது என்கிறார்.

நீங்கள் தேடிய வெள்ளைத் தாள் அலமாரியில் இரண்டாவது தட்டில், இக்ராவின் சர்டிபிகேட் பைக்கு அடியில் இருக்கிறது. எடுத்து வைக்க வேண்டாம். இனி அதற்கு வேலை இல்லை.

முனவர்